பிரியாணிக்கு முன் ஓர் ஏற்புரை

எங்கள் சபையில் ஒருவரைக் கௌரவிப்பது என்றால், அவரை மேடையில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் எல்லாரும் பேசுவது என்று பொருள். ஓய்வுபெற்ற போதகர் ஐயாவுக்குத் தொண்ணூறு வயது நிறைந்தபோது, நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு ஐயா தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, ஒங்க அக்காவ வரச் சொல்லுப்பா. எனக்கு அஞ்சு நிமிசம் குடு. அன்னைக்கு சபைக்கு முன்னாடிதான அவ பேர நீக்குனேன். மன்னிப்பும் சபைக்கு முன்னாடிதான் கேக்கணும்."

முப்பது வருடங்களுக்கு முன் அக்கா ஓர் இந்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். ஐயா அதை ஞாயிறு ஆராதனையில் அறிவித்து, அவள் பெயரைச் சபைப் பட்டியலிலிருந்து நீக்கச் சம்மதிக்கிறவர்களைக் கைதூக்கச் சொன்னார். சபையே தூக்கியது. வாலிபர் சங்கச் செயலாளர் என்ற மாபெரும் பதவியில் இருந்த நானும் தூக்கினேன். அம்மா மட்டும் மடியில் இருந்த கையை எடுக்கவில்லை. சிங்கப்பூருக்குப் போன அக்கா, அம்மாவின் அடக்க ஆராதனைக்குக்கூட ஆலய வாசலோடு நின்றுகொண்டாள்.

விழா மலேசியாவின் ஜொகூர் பாருவில், எங்கள் சபை மண்டபத்தில். எவ்வளவோ கெஞ்சியபின் அக்கா வந்தாள். கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

வழக்கப்படி விழா நாயகரின் ஏற்புரை கடைசியில்தான். அதற்கு முன் பதினோரு பேர் வாழ்த்தினார்கள். ஐயா எளிமையானவர் என்பதை ஒருவர் இருபது நிமிடம் விளக்கினார். இன்னொருவர் தான் வீடு வாங்கிய கதை முழுவதையும் சொல்லி, அந்த வீட்டை ஜெபித்துத் திறந்துவைத்தவர் ஐயா என்று முடித்தார். நடுநடுவே பொன்னாடைகள் ஏறிக்கொண்டே போயின. ஏழாவதுக்கு மேல் ஐயாவின் மூக்குக்கண்ணாடி மட்டும்தான் தெரிந்தது. அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கூட நின்று படம் எடுக்க எல்லாருக்கும் தோன்றியது.

மணி இரண்டரை. ஐயாவைப் பேச அழைக்கப்போன என் கையிலிருந்து விழாக் குழுத் தலைவர் மைக்கைப் பிடுங்கினார்.

"பிரியாணி ஆறிப்போச்சு லா. சிங்கப்பூர் போறவங்களுக்கு எல்லைப் பாலத்துல ஜாம் வேற. ஐயா பேசட்டும், நீங்க வரிசையில நின்னு எடுத்துக்கிட்டே கேளுங்க."

சாப்பாட்டு ஜெபத்தையும் அவரே செய்தார். அன்று சுருக்கமாக முடிந்தது அது ஒன்றுதான். ஆமென் சொல்வதற்குள் நாற்காலிகள் காலி. ஐந்து நிமிடம் கொடுப்பதாக வாக்குக் கொடுத்த நானும் தட்டோடு வரிசையில் நின்றேன். எனக்கும் பசிக்காதா?

ஐயா காலி நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பொன்னாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு, கைத்தடியை ஊன்றி இறங்கினார். நேரே பிரியாணி மேசைக்கு வந்து, தடியைப் பாத்திரத்தின் குறுக்கே வைத்தார்.

"சபை இங்கதான நிக்குது? அப்ப இங்கயே பேசுறேன்."

சோறு அள்ளப்போனவர் கரண்டியோடு அப்படியே நின்றார். ஐயா கதவருகே இருந்த அக்காவைப் பார்த்தார்.

"ஒன் பேர நீக்குனது தப்பும்மா. சட்டத்த மட்டும் பாத்தேன், ஒன்னையப் பாக்கல. என்னை மன்னிச்சிரு."

அக்கா மெதுவாக எழுந்து வந்தாள். "எங்கம்மா இருக்கும்போது கேட்டிருக்கலாமே ஐயா."

"கேட்டிருக்கணும்" என்றார். அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. பதினோரு பேச்சும் எனக்குள் உண்டாக்காத மரியாதையை அந்த ஒரு சொல் உண்டாக்கியது.

அக்கா கைத்தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஒரு தட்டில் அவருக்குச் சோறு போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவரு கேட்டுட்டாரு. கை தூக்குன நீ எப்ப கேக்கப் போற?"

நிகழ்ச்சி நிரலை எழுதியவன் நான். அதில் எனக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கியிருக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.