வெள்ளிக்கிழமை வார்த்த தட்டு

திருச்செங்கோட்டுக்கு வெளியே, சங்ககிரி ரோட்டோரம் ஒரு பழைய தறிக் கொட்டகையில் உலை போட்டிருக்கிறார்கள் சென்னியம்மாளும் அவள் புருஷன் குணசீலனும். வருஷக்கணக்காகத் தொட்டி மூடி வார்த்து அலுத்துப் போயிருந்தாள் சென்னியம்மாள். இரும்பு அலுமினைடு வந்த பிறகுதான் கொட்டகைக்கு வரவே அவளுக்கு ஆசை வந்தது. உருகிய இரும்பில் அலுமினியத் துண்டைப் போட்டதும் இரண்டும் கட்டிக்கொண்டு தானாகவே இன்னும் சூடேறும் பாருங்கள், அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்! ஆறியதும் கிடைப்பது தனி உலோகம். நெருப்பிலேயே கிடந்தாலும் செதில் உதிராது. ஆனால் சரியான ரோஷக்கார உலோகம். சுட வைத்த அச்சில் ஊற்றி, அடுப்புக்குள்ளேயே மெள்ள ஆற விடாவிட்டால் வெடித்துவிடும்.

அதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார்கள். அப்படியும் அந்த உலோகத்தில் வார்த்த சூளைத் தட்டுகளில் சில கீறல் விட்டன. அந்தத் தட்டுகளை வாங்குகிறவன் பெரியசாமி. போர்வெல் துளைக்கும் பிட்டுகளை அவற்றில் அடுக்கிச் சூளையில் பதப்படுத்துகிறவன். நல்ல பையன்தான், ஆனால் எத்தனை நாள்தான் பொறுப்பான்?

"கோவிச்சுக்காதீங்க்கா. இந்தத் தடவையும் கீறல் உட்டுச்சுன்னா நான் பழையபடி ஸ்டீல் தட்டுக்கே போயிர்றேனுங்க" என்று சொல்லிவிட்டான்.

 அவன் போனால் மறுபடியும் தொட்டி மூடிதான். அதனால் அந்த வெள்ளிக்கிழமை பூஜையைச் சென்னியம்மாள் வழக்கத்தைவிடக் கூடுதல் பக்தியோடு செய்தாள். உலைக்குக் கற்பூரம் காட்டினாள். வேப்பங்கொத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கி, அடுக்கி வைத்த அலுமினியத் துண்டுகள் மேல் தாராளமாகத் தெளித்தாள். வெள்ளிக்கிழமைகளில் துண்டு உள்ளே போனதும் உலை சடசடக்கும். சாமி பேசுகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

பூஜை முடிந்து, பின்பக்க அடுப்பில் வடை போட உட்கார்ந்தாள். ஈரக்கையோடு தட்டிப் போட்ட வடையிலிருந்து சொட்டுத் தண்ணீர் எண்ணெயில் விழுந்தது. சடசடவென்று தெறித்தது. அவள் கை அப்படியே நின்றது. அட, இது அதே சத்தமாச்சே!

"ஏனுங்க! போடாதீங்க, நில்லுங்க!"

இடுக்கியில் முதல் துண்டைத் தூக்கிய குணசீலன் திரும்பினான்.

"அந்த மஞ்சத்தண்ணி ஈரந்தானுங்க உள்ள போயிக் கீறல் உடுது. வெள்ளிக்கெழம ஊத்துனதுதான அத்தனையும் போச்சு?"

குணசீலன் துண்டைக் கீழே வைத்தான். தலையைச் சொறிந்தான்.

"எனக்கு முன்னாடியே சந்தேகந்தான் அம்முணி. சாமி தண்ணியாச்சே, எப்பிடிச் சொல்றது? சொன்னா நீ ஒரு வாரம் பேச மாட்டியே."

"அடப் பாவி மனுசா! எத்தன தட்டு!"

அவளுக்கு வந்த ஆத்திரம் நிஜமான ஆத்திரம். ஆனாலும் அவன் முழிக்கிற முழியைப் பார்த்துச் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. துண்டுகளை எல்லாம் நெருப்பில் காய வைத்துப் பிறகு போட்டார்கள். உலை வாயே திறக்கவில்லை.

தட்டுகள் ஆறியதும் பெரியசாமி வந்து ஒன்றைப் புரட்டிப் பார்த்தான். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். கணீரென்றது. "அடுத்த மாசத்துக்கும் இதையே ஊத்திருங்க்கா" என்றான். சென்னியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறு வெள்ளிக்கிழமையும் பூஜை நடந்தது. மஞ்சள் தண்ணீரும் இருந்தது. சென்னியம்மாள் உலைப் பக்கமே போகாமல், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த குணசீலனிடம் வந்து, சட்டை மஞ்சளாகும்வரை அவன் தலையில் தெளித்தாள்.

"என்ன அம்முணி இது?"

"இனிமேலாச்சும் வாயத் தொறந்து சொல்லோணும்னு வேண்டிக்கிட்டேனுங்க."