இறங்கித் தள்ள வேண்டிய இடம்

இந்த நாட்டில் ஒருவன் கல்லூரியில் சேரப் போனால், பெயரையும் பாடத்தையும் கேட்ட கையோடு, "கார் கொண்டுவருவாயா? எங்கே நிறுத்துவாய்?" என்று கேட்கிறார்கள். அலுவலகத்தில் இருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமலே இதைக் கேட்டாள். கப்பலை விட்டு இறங்கி ஒரு வாரம்கூட ஆகாத நான், என் சட்டையைப் பார்த்துக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். "இல்லை மேடம், பஸ்ஸில்தான் வருவேன்" என்றேன். "கொடுத்துவைத்தவன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கார் இல்லாதவனைக் கொடுத்துவைத்தவன் என்று சொல்லும் ஊரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இங்கே நிறுத்த இடம் கிடைப்பதுதான் கஷ்டமாம். கார் வைத்திருக்கும் மாணவர்கள் எல்லாரும் காலையில் அந்தக் கவலையோடுதான் எழுந்திருக்கிறார்கள். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். பனிக்காலம் வரும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் தங்கியிருப்பது மிச்சிகன் மாகாணத்தில், கல்லூரியிலிருந்து பல மைல் தள்ளி ஒரு பால்பண்ணையில். பண்ணைக்காரர் பெக்கர், மனைவியை இழந்து தனியாக இருப்பவர். காலையும் மாலையும் அவருடைய மாடுகளைக் கறக்கிறேன். அதற்குப் பதிலாகச் சாப்பாடும் படுக்கையும். பனி விழ ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த பஸ் நின்றுபோயிற்று. நடந்து பார்த்தேன். காது மரத்துப்போய் வகுப்புக்குள் நுழையும்போது பாதிப் பாடம் முடிந்திருந்தது. ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்றார். பரீட்சை எழுதாவிட்டால், என்னை இங்கே அனுப்பிய பாதிரிமார் சபை கையை உதறிவிடும். அப்புறம் கப்பலேற வேண்டியதுதான். மகன் அமெரிக்காவில் படிக்கிறான் என்று திண்டிவனம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கும் என் அம்மா, எந்த முகத்தோடு மாதா கோயிலுக்குப் போவாள்? பெக்கரிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அவர் கார் ஓட்டுவதில்லை. "என் கார் கொட்டகையில் சும்மாதானே நிற்கிறது? எடுத்துக்கொண்டு போ. உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு நான் அந்தக் காரைத் தொடவில்லை.

காரணம் சொல்ல வேண்டுமானால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் முதல் யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போய், அங்கே லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவர். எங்கள் கிராமம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. நான் சின்னவனாக இருந்தபோது ஊர்த்தெருவின் பெரிய வீட்டு எஜமான் கறுப்பு மோட்டார் ஒன்று வாங்கினார். சுற்றுவட்டாரத்தில் அதை ஓட்டத் தெரிந்தவர் சேரியில் இருந்த என் அப்பா ஒருவர்தான். வேறு வழியில்லாமல் அவரையே வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு ஒரு கட்டு இருந்தது. பின் சீட்டில் எஜமானோ அவர் வீட்டாரோ இருந்தால் அப்பா தெருவுக்குள் ஓட்டலாம். வண்டி காலியாக இருந்தால் ஓட்டக் கூடாது. சேரிக்காரன் தனியாக உட்கார்ந்துகொண்டு தெருவில் போவதாவது! தெரு தொடங்குகிற இடத்தில் ஓர் இலுப்பை மரம். அங்கே இன்ஜினை அணைத்து இறங்குவார். செருப்பை மரத்தடியில் விடுவார். இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு, தெருக் கடைசியில் இருக்கும் கொட்டகை வரைக்கும் போவார். வெளியே எடுக்கும்போதும் அப்படித்தான்.

ஏன் தள்ளுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "இன்ஜினு சூடாய்க்கீதுடா. கொஞ்ச தூரம் நடக்கவுட்டா ஆறிப்பூடும்" என்றார், மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல. நான் நம்பினேன். மோட்டார் என்று இருந்தால் ஊருக்குள் வந்ததும் தள்ளித்தான் ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்களுக்கும் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நாள் உச்சிவெயிலில் அப்பாவுக்குக் கேப்பைக் கூழ் எடுத்துக்கொண்டு, வயல் வழியாகச் சுற்றிக் கொட்டகைக்குப் போயிருந்தேன். பெரிய வீட்டில் எஜமானியம்மாளுக்குப் பிரசவ வலி கண்டு, மருத்துவச்சி கையை விரித்துவிட்டிருந்தாள். எஜமான் மேல்துண்டுகூட இல்லாமல் ஓடிவந்தார். "டேய் அந்தோணி, விழுப்புரம் போயி டாக்டரம்மாவ இட்டுக்கினு வாடா. ஜல்தி!" அப்பா வழக்கம்போல வண்டியைக் கையால் தள்ள ஆரம்பித்தார். "என்னடா தள்ளிக்கினு கீற? ஏறி ஓட்டுடா!" என்று எஜமான் கத்தினார். அப்பா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். ஹாரனை அமுக்கிக்கொண்டு தெரு முழுக்க ஓட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மாள் வந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தெருக்காரர்கள் கூடினார்கள். அப்பாவை இலுப்பை மரத்தடியில் நிறுத்தினார்கள். எஜமான் சொன்னதால்தான் ஓட்டினேன் என்றார் அப்பா. எல்லாரும் எஜமானைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "வண்டிய எடுன்னுதான் சொன்னேன். ஏறி ஓட்டுன்னு நான் சொல்லலயே" என்றார். அவர் கொட்டகையில் சொன்னதை நான் கேட்டிருந்தேன், இதையும் கேட்டேன். அப்பாவுக்கு விதித்த தண்டனை, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மோட்டாரைத் தள்ள வேண்டும் என்பது. தெருவின் இளவட்டங்கள் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவன் விடாமல் ஹாரனை அமுக்கினான். வெயில் சாயும் வரைக்கும் தள்ளிவிட்டு, உள்ளங்கை தோல் உரிந்து வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "இன்ஜினு ரொம்ப சூடாய்ப்பூடுச்சுடா" என்றார். அன்றைக்கு அந்த இன்ஜினை யாரும் கிளப்பவே இல்லை. அந்த மாதமே திண்டிவனத்துக்குக் குடிவந்துவிட்டோம். அப்பா கடைசிவரை ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை ஏற்றும் லாரி ஓட்டினார். நான் ஓட்டப் பழகியதும் அந்த லாரியில்தான்.

ஆகவே எனக்கு ஓட்டுவதில் பயமில்லை. எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாததுதான் பயம். எங்கள் ஊரில் அதற்கு ஒரு மரமாவது இருந்தது. இங்கே எதுவும் இல்லை. ஆனால் எல்லை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வந்த புதிதில் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கடைக்காரர் என் நிறத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்குக் கடை இல்லை என்றார். பக்கத்து நாற்காலியில் ஒருவருக்குச் சவரம் நடந்துகொண்டிருந்தது. அடுத்த கடையில் என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, இந்தியாவில் புலி உண்டா என்று பிரியமாக விசாரித்தார்கள். எந்தக் கதவு எப்படி என்று தள்ளிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைப்போல் கடல் தாண்டி வந்தவர்களுக்கு இது புரியும்.

கல்லூரியில் கார் நிறுத்தும் இடங்களை எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். பேராசிரியர்களுக்கு என்று ஒரு பலகை, விருந்தினருக்கு என்று ஒரு பலகை. என்னைப் போன்றவன் நிறுத்தலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. என் வகுப்பில் படிக்கும் ராபர்ட்டைக் கேட்டேன்.

"கார் கொண்டுவந்தால் நான் எங்கே நிறுத்தலாம்?"

"எங்கே வேண்டுமானாலும்."

"நான் எங்கே நிறுத்தலாம் என்று கேட்கிறேன்."

"எங்கே வேண்டுமானாலும்!" என்று அவன் கத்திச் சொன்னான். எனக்குக் காது மந்தம் என்று நினைத்துவிட்டான் போலும்.

திங்கட்கிழமை காலையில் பெக்கரிடம், இன்றைக்கு மட்டும் கூட வர முடியுமா என்று கேட்டேன். "ஓட்டப் பயமா?" என்றார். ஆமாம் என்றேன், அது சொல்லச் சுலபமாக இருந்தது. அவர் முன் கதவைத் திறந்தார். நான் ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். "நான் என்ன கவர்னரா?" என்று சிரித்தார். தயவுசெய்து பின்னால் உட்காருங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினார். பாதி வழியில் மனசு கேட்காமல் இன்னொன்றும் கேட்டேன்.

"யாராவது விசாரித்தால், நீங்கள்தான் ஓட்டச் சொன்னீர்கள் என்று சொல்வீர்களா?"

"போலீஸா? லைசென்ஸ்தான் போன வாரமே வாங்கிவிட்டாயே."

"போலீஸ் இல்லை."

"பின்னே யார்?"

நான் கியரை மாற்றினேன்.

கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு தீவனக் கடை இருக்கிறது. அதைக் கண்டதும் பெக்கர் நிறுத்தச் சொன்னார். "நான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் வந்து கூட்டிப் போ" என்று இறங்கிப் போய்விட்டார். கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டு காலி. எதிரே வாசல் திறந்து கிடந்தது. உள்ளே பையன்களும் பெண்களும் புத்தகங்களோடு போய்க்கொண்டிருந்தார்கள். வகுப்பு தொடங்கும் நேரம். அடுத்துச் செய்தது யோசித்துச் செய்தது அல்ல. கை தானாக இன்ஜினை அணைத்தது. இறங்கினேன். இந்த நாட்டு வண்டிகளில் டிரைவர் சீட்டு இடது பக்கம். அதனால் அப்பாவின் இடது கை பிடித்த ஸ்டியரிங்கை என் வலது கை பிடித்தது. மற்றபடி எல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரியே இருந்தது. தள்ளிக்கொண்டு வாசலுக்குள் போனேன். காலில் போட்டிருந்த ஜோடு பனியில் வழுக்கியது.

பின்னால் யாரோ கத்துவது கேட்டது. ஓடிவருகிற காலடிகளும் கேட்டன. திரும்பிப் பார்த்தால் ராபர்ட்டும் இன்னும் மூன்று பேரும்.

"என்ன ஆயிற்று? பாட்டரி போய்விட்டதா?"

"இன்ஜின் சூடாகிவிட்டது" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது.

மூக்கு சிவக்கிற அந்தக் குளிரில் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஹாப் இன்! நீ ஏறி ஸ்டியரிங்கைப் பிடி. நாங்கள் தள்ளுகிறோம்" என்றான் ராபர்ட். வேண்டாம், வேண்டாம் என்றேன். அவன் என் தோளைப் பிடித்து அமுக்கி உள்ளே உட்காரவைத்தான். நான்கு பேரும் பின்னால் போய்க் கையை வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு தள்ள ஆரம்பித்தார்கள். ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன. சிலர் கை தட்டினார்கள்.

அன்பாகத்தான் தள்ளினார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவைத் தள்ளவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப்போல இப்போது நான் உட்கார்ந்திருந்தேன். ஏறச் சொன்னது இவர்கள்தான் என்று நாளைக்கு இவர்களே சொல்வார்களா என்ற நினைப்பு வேறு. கதவைச் சாத்தவில்லை. வலது கால் உள்ளே இருந்தது. இடது கால் வெளியே தொங்கித் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. "காலை உள்ளே எடு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். எடுக்கத்தான் பார்த்தேன். வரவில்லை.

ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, என் முதுகில் தட்டிவிட்டு அவர்கள் வகுப்புக்கு ஓடிவிட்டார்கள். அது யாருக்கான இடம் என்று பார்க்கக் குனிந்தேன். தரையில் போட்டிருந்த கோடுகளெல்லாம் பனியில் மறைந்துபோயிருந்தன. வாசலிலிருந்து அந்த இடம் வரைக்கும் இரண்டு டயர்த் தடங்கள் மட்டும் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, என் இடது கால் இழுத்த கோடும் கூடவே வந்திருந்தது.