வெளுத்த கொண்டை

நனைந்த சாக்கின் வாடை எங்கிருந்து வந்தாலும், குன்னூர்ச் சரிவில் இருந்த அந்தக் கோழிக்கொட்டகை எனக்குள் திறந்துகொள்கிறது. இன்று மழைக்குப் பிறகு, சமவெளியின் இந்த வாடகை வீட்டு வாசலில் கிடந்த கால்மிதிச் சாக்கிலிருந்து எழுந்தது அது. பின்னாலேயே மரத்தூள், கரிப்புகை, பனிமூட்டம், பிறகு நங்கையின் கை.

நங்கை என்பது பெயரல்ல. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அண்ணன் இறந்தபின் அவளை அவிநாசிக்கே வந்துவிடச் சொல்லிப் பிறந்த வீட்டார் ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள். அவளுக்கு மலையை விட மனமில்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுக் கோழிக்குஞ்சுகளை இறக்கினாள். அவை வளர்ந்து முட்டைக்கு வந்தால் இங்கேயே இருக்கலாம்; இல்லாவிட்டால் பஸ் ஏற வேண்டும். தேயிலை ஏல அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு அவளோடு தங்கியிருந்த எனக்கும் அது தெரியும்.

மழைக்காலத்தில் கொண்டைகள் வெளுத்தன, பலமுறை துவைத்துச் சாயம் போன துணியைப் போல. கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தொலைவில் எதையோ கேட்பவை போலக் கண்மூடி நின்றன. “குளுருதான் கண்ணு, வேறென்ன” என்றாள் நங்கை. மலையில் எது வாடினாலும் குளிர்மேல்தான் பழி. கொட்டகையின் கம்பிவலை முழுக்கச் சாக்கைக் கட்டிக் கரிக்கணப்பு வைத்தாள். ஈரமும் வெதுவெதுப்பும் கலந்த அந்த அரைவெளிச்சத்தில் நின்றால் எனக்கே உறக்கம் தழுவும். காலையில் சில கோழிகள் எழவில்லை. மரத்தூளில், எச்சத்தோடு இரத்தம் கிடந்தது.

கால்நடை மருத்துவராக வந்த பெண்மணி, செத்த கோழியொன்றை வாசற்கல்லில் வைத்து அறுத்தார். உப்பிய குடலுக்குள் உறைந்த இரத்தம். “குளிர் இல்லீங்க. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி குடலை அரிக்குது. ரத்தமெல்லாம் உள்ளயே ஒழுகிட்டா கொண்டைக்கு எங்க போறது? ஈரமும் கதகதப்பும் அதுக்குத் தொட்டில் கட்டின மாதிரி.”

நங்கை சாக்குகளைப் பார்த்தாள். “அப்ப நானேதான் தாலாட்டினனுங்களா?”

மருத்துவர் உயிரோடிருந்த ஒரு கோழியின் கண்ணிமையை இறக்கிக் காட்டினார். வெள்ளை. அப்படியே அவளையும் உற்றுப் பார்த்து, “ஏனுங்க, உங்க கண்ணும் இப்படித்தானே இருக்குது?” என்றார்.

“எனக்கென்னங்க, நான் முட்டையா போடப்போறேன்?”

செத்த கோழியைச் சுற்றி நின்றுகொண்டு மூவரும் சிரித்துவிட்டோம்.

உறங்கும் குழந்தையின் போர்வையை உருவுகிறவள் போல, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு சாக்காக அவிழ்த்தாள். ஈர மரத்தூளை வாரிக் கொட்டிக் காய்ந்ததைப் பரப்பினோம். குடிதண்ணீரில் மருந்து கலந்தோம். பனி தாராளமாக உள்ளே நடந்து வந்தது. பிறகும் எத்தனையோ போயின. மிஞ்சியவற்றின் கொண்டைக்கு இரத்தம் அவசரமே இல்லாமல் திரும்பியது, முதலில் ஒரு சந்தேகம் போல, பிறகு ஒரு சாயல் போல, பின்பொருநாள் சிவப்பாகவே. முதல் முட்டையை என்னிடம் கொடுத்து, “டாக்டரம்மாகிட்ட நான் போட்டதுன்னு சொல்லு” என்றாள்.

அவள் மலையில் தங்கிவிட்டாள். கிளம்பியது நான்தான், ஓரிடத்தில் நிற்காத கால் எனக்கு. இதோ, வாசலில் நனைந்த சாக்கைக் கொடியில் உலர்த்துகிறேன், வாடை விடுவதாயில்லை. நான் கிளம்பிய நாளின் குன்னூர் ஸ்டேஷனில் ரயில் ஊதிவிட்டது. நங்கை ஜன்னலுக்குள் கையை நீட்டி, கட்டைவிரலால் என் கீழிமையை இறக்கிப் பார்க்கிறாள்.

“வெளுத்துத்தான் கெடக்குது. போற ஊர்ல சாக்கைக் கட்டிக்கிட்டு உள்ளயே உக்காந்துக்காத, கண்ணு.”