அறுபது ராத்தல் காற்று

முதலில் அச்சுக்கோர்க்கும் அண்ணனிடம் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். நாலாம் கிளாசோடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் படிக்கும்போது எழுத்து சரியாக இருந்தால் அந்தப் புண்ணியம் அவருக்கே.

எங்கள் எஜமானின் ‘வீட்டு வண்டி’யைப் பற்றி இங்கே முன்பே சொல்லியிருக்கிறேன். புது வாசகர்களுக்காக இரண்டு வரி. எஜமான் மயிலாப்பூரில் வக்கீல். பழைய லாரி ஒன்றை வாங்கி, அதன்மேல் மரத்தில் ஒரு சின்ன வீடே கட்டிவிட்டார். படுக்க நாலு பலகை, அடுப்புக்கு ஒரு மூலை, தண்ணீருக்கு ஒரு பீப்பாய். சத்திரம் தேட வேண்டாம் - எங்கே நிறுத்துகிறோமோ அங்கே வீடு. ஓட்டுகிறவன் நான்.

போன கோடையில், முதல் ஓட்டத்திலேயே, சைதாப்பேட்டை தாண்டியதும் பின்சக்கரம் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் எஜமானியம்மாள் இறங்கி நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். இன்னொரு தரம் வெடித்தால் தாமும் தம் தங்கைகளும் இனி ரயிலில்தான் போவார்களாம்.

மறுநாளே எஜமான் மவுண்ட் ரோட்டுக்குப் போய், காற்றை அளக்கும் பித்தளைக் கருவி ஒன்று வாங்கி வந்தார். டயருக்கு அறுபது ராத்தல் - இங்கிலீஷில் பவுண்டு - காற்று என்று கணக்கு. அன்று முதல் டயர் அவர் பொறுப்பு. நான் தொடக் கூடாது.

இங்கேதான் வந்தது வினை.

எஜமான் ஆசாரமானவர். விடியற்காலையில் ஸ்நானம். அதற்கப்புறம் தெருவில் உருண்ட டயரைத் தொடுவாரா? மாட்டார். கோர்ட்டுக்கு விடுமுறை. தியாகராய நகரில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தினம் காலையில் வீட்டு வண்டியிலேயே எல்லோரும் அங்கே போவோம். உச்சி வெயிலில் திரும்புவோம். மத்தியானம் அவருக்கு இரண்டாவது ஸ்நானம் உண்டு. அதற்கு முன்னால் டயரைத் தொடலாம், தப்பில்லை.

ஆக, ரோடு கொதிக்கும் நேரத்தில், ஓடி வந்த சூட்டோடு, தினமும் அளப்பு. கருவி எழுபது காட்டும். உடனே பத்து ராத்தலை ‘உஸ்’ என்று வெளியே விடுவார்.

சூட்டில் காற்று ஏறத்தான் செய்யும். ஆறினால் தானே இறங்கிவிடும். ஏறினபோது பிடுங்கிவிட்டால், மறுநாள் காலை ஐம்பதுதான் மிஞ்சும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடங்கலிலேயே உள்ளுக்குள் வெந்து, பாரம் ஏறியதும் வெடிக்கும். பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டினவனுக்கு இது தெரியாதா?

தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

என்ன செய்தேன் தெரியுமா? விடியற்காலையில், எஜமான் கொல்லைப்புறம் கிணற்றடியில் இருக்கும்போது, பம்பை எடுத்துக் குறைந்ததை அடித்து வைத்துவிடுவேன். மத்தியானம் அவர் இறக்குவார். காலையில் நான் ஏற்றுவேன். இப்படியே மூன்று வாரம்! எஜமானுக்கு ஒரே ஆச்சரியம். வருகிற சிநேகிதர்களிடமெல்லாம், தம் டயர் கிணறு மாதிரி, இறைக்க இறைக்க ஊறுகிறது என்று சொல்லிப் பூரித்துப் போனார்.

அப்போதுதான் காஞ்சிபுரம் கருட சேவைக்குப் போவதென்று ஏற்பாடாயிற்று. எட்டுப் பேர். மூன்று நாள். எல்லோரும் வண்டிக்குள்ளேயே படுக்கை. அவர்கள் தலைக்குக் கீழே நின்று நான் எப்படிக் களவாகப் பம்ப் அடிப்பேன்? மத்தியானம் மத்தியானம் காற்று இறங்கிக்கொண்டே போகும். திரும்பி வரும்போது...?

ராயப்பேட்டையில் டயர் ஒட்டும் காசிம் பாய் என் சிநேகிதர். அவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் கையிலிருந்த டியூபைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“டயர்ல கீற காத்த உன் எசமான் புடுங்கறாரு. சரி. உன் வாய்ல கீற காத்த யாரு நைனா புடுங்கனாங்க?”

அன்று மாலை வண்டியைத் துடைத்துக்கொண்டே பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன். பிறகு எஜமான் எதிரில் போய், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“எசமான்... ஒரே ஒரு தபா, நாளைக்குக் காலையில குளிக்கிறதுக்கு மின்னாடி அளந்து பாக்கணும்.”

ஏன் என்று கேட்டார். அளந்தால் தெரியும் என்றேன். என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

மறுநாள் காலை நான் பம்பைத் தொடவில்லை. எஜமான் குனிந்து அளந்தார். மறுபடி அளந்தார். நாலு சக்கரத்தையும் சுற்றி வந்தார். ஐம்பது, நாற்பத்தொன்பது...

“நேத்திக்கு மத்தியானம் அறுபது வச்சுட்டுன்னா உள்ளே போனேன்? யார் கை வச்சது, அந்தோணி?”

இதற்குமேல் மறைக்க முடியுமா? சூட்டில் ஏறும் காற்று ஆறினால் இறங்கிவிடும் என்பதையும், மூன்று வாரமாகக் காலையில் நான் காற்றடித்து வைத்ததையும், இன்றைக்கு மட்டும் அடிக்காமல் விட்டதையும் சொன்னேன். கிணறு ஊறவில்லை, நான்தான் ஊற்றினேன் என்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கிற்று. முகம் சிவந்தது. சிநேகிதர்களெல்லாம் நினைவுக்கு வந்திருப்பார்கள்.

“மூணு வாரமா இதைப் பண்ணிண்டு, ஏண்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எஜமானியம்மாள் குரல் வந்தது.

“டயரைத் தொடாதேன்னேள். அவனை ஒரு வார்த்தை நீங்க எப்போ கேட்டேள்?”

எஜமான் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பம்பை எடுத்தார். இன்னும் குளிக்கவில்லையே, தொடலாம். ஒரு சக்கரத்துக்கு அவரே அடித்தார். மூச்சு வாங்கிற்று. மீதி மூன்றையும் என்னிடம் விட்டார்.

காஞ்சிபுரம் போகிற வழியில் உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தினோம். பழக்க தோஷம்... எஜமான் கருவியை எடுத்து அளந்தார். எழுபத்திரண்டு. அவர் விரல் வால்வின் மேல் போய் நின்றது. மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஆறட்டும், எசமான்” என்றேன் - யாரும் கேட்காமல், நானாக. கருவியை மடியில் செருகிக்கொண்டு மோர் கேட்டார்.

போக வர ஒரு டயரும் வெடிக்கவில்லை. கருட சேவை திவ்வியமாக இருந்ததாம். எஜமானியம்மாள் அடுத்து ராமேசுவரம் என்கிறார்.

நடந்தது வைகாசியில். இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்கிறீர்களா? எஜமான் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிக்கிறவர். எழுதலாமா என்று அவரிடம் கேட்க வேண்டுமே! இன்று காலை கேட்டுவிட்டேன்.

ஆவணி 12, ஞாயிற்றுக்கிழமை.