புதுசு மாதிரி இருந்த பழைய மிஷின்

ஒரு செவ்வாய்க்கிழமை, மழை பிடிப்பதற்குள், அந்த ஓவர்லாக் மிஷின் கிளம்பியது. துணி ஓரம் பிரியாமல் தைக்கிற மிஷின். மரப்பெட்டிக்குள் நன்றாகச் சுற்றி, பார்சல் ஆபீஸ் வரை மிஷினக்காவே தள்ளுவண்டியில் கொண்டுபோனாள். லாரி தெருமுனை திரும்பும்வரை நகரவில்லை.

"என்ன, ஆபரேஷன் தியேட்டருக்கு ஆளை அனுப்பிட்டு நிக்கிற மாதிரி நிக்கிற?" என்றார் கூட வந்த கணவர்.

பழைய தையல் மிஷின்களை வாங்கி, பிரித்து, சரிசெய்து விற்பது பதினெட்டு வருடமாக அவள் தொழில். அதனால் தெருவில் அவள் பெயரே மிஷினக்கா. மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் கடை. இன்னொருத்தி உழைத்த தடயம் மிஷினில் தெரியக் கூடாது என்பதில் பிடிவாதக்காரி. துருவைத் தேய்த்தெடுப்பாள், ஸ்க்ரூவெல்லாம் மாற்றுவாள், இரண்டு கோட் கறுப்பு பெயிண்ட் அடிப்பாள். கடைசியாக, அடித்தகட்டின் உள்பக்கத்தில் சரிசெய்த தேதியை ஊசியால் கீறுவாள். அது அவளுக்கு மட்டும் தெரிந்த கையெழுத்து.

இந்த மிஷினை வாங்கியவள் நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தையல்காரி. தையல்காரர்களின் போன் குழுவில் பழக்கம். "மாசக் கடைசியோட கம்பெனி வேலையை விட்டுடுறேன்க்கா. இனிமே வீட்டுலயே தைக்கப் போறேன். உங்க மிஷினை நம்பித்தான்" என்று சொல்லியிருந்தாள்.

ஒன்பதாம் நாள் அவளிடமிருந்து போன்.

"அக்கா, சுங்கத்துல நிறுத்திட்டாங்க. புது மிஷினாம். புதுசுக்கு உண்டான வரி கட்டணுமாம். நான் உங்களுக்குக் கொடுத்த விலையைவிட வரி அதிகமா இருக்குக்கா."

"பழசுன்னு எழுதித்தானே அனுப்பினேன்!"

"பெட்டியைத் திறந்து பாத்தாங்களாம். ஒரு கீறல்கூட இல்லையாம். வரிக்குப் பயந்து பொய் எழுதியிருக்கீங்கன்னு சொல்றாங்க."

மிஷினக்காவுக்குக் காது சூடேறியது. விஷயத்தைக் கேட்டதும் கணவர் சிரித்தார். "இன்னும் ரெண்டு தேய் தேய்ச்சிருந்தா தங்கம்னே பிடிச்சிருப்பாங்க."

"வாயை மூடுங்க."

சரிசெய்வதற்கு முன் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று சுங்கத்தில் கேட்டார்கள். அழுக்காக இருக்கும்போது யார் போட்டோ எடுப்பார்கள்? பழைய இரும்புக் கடைக்காரர் கொடுத்த ரசீதில் 'மிஷின் 4' என்று மட்டும் இருந்தது. அது செல்லாது என்றார்கள். கீறிய தேதி அப்போதுதான் அவள் ஞாபகத்துக்கு வந்தது. அடியில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள் என்று எழுதிப்போட்டாள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: கழற்ற வேண்டுமானால் பெறுபவர் நேரில் வர வேண்டும். தையல்காரி ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போனாள். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி அன்றைக்கு லீவு. இரண்டாம் தடவை போனபோது கிடங்கு வாடகையைக் கட்டிவிட்டு வா என்றார்கள். அவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

திருப்பி வரவழைக்கலாமா என்று கேட்க, மிஷினக்கா பார்சல் ஆபீசுக்குப் போனாள்.

"திரும்பி வந்தா இங்கயும் வரி உண்டுக்கா" என்றார் கிளார்க்.

"என் மிஷின் என்கிட்டயே வர்றதுக்கா?"

"உங்களுதுன்னு எப்படித் தெரியும்? போறப்ப ஃபாரத்துல மிஷின் நம்பர் எழுதியிருந்தா கேக்கலாம். அந்த இடம் காலியா இருக்கே."

காலியாகத்தான் இருக்கும். நம்பர் தகட்டின் மேலேயே இரண்டு கோட் பெயிண்ட் அடித்தவள் அவள். எழுந்து வந்தாள்.

தையல்காரி கொடுத்த பணத்தை முழுசாகத் திருப்பி அனுப்பினாள். "பணம் வந்து என்னக்கா, இந்த விலைக்கு இங்க யாரு மிஷின் தருவா?" என்று அவள் கேட்டாள். விட்ட வேலையை மறுபடி கேட்கப் போனவளைப் பட்டன் பிரிவில், புது ஆள் சம்பளத்துக்கு உட்கார வைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் போன் வருவது குறைந்தது. மிஷினக்காவும் கூப்பிடவில்லை. எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

அடுத்து வந்த மிஷினில் ஒரு துருப்புள்ளியை மட்டும் விட்டுவைக்கப் பார்த்தாள். இரண்டு நாள் அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிட்டாள்.

பதினோரு மாதம் கழித்து ஒரு மத்தியானம், கை நிறைய கிரீஸோடு இருக்கும்போது போன் சிணுங்கியது. முழங்கையால் தள்ளித் திறந்தாள். ஒரு படம், கீழே செய்தி.

"அக்கா, யாரும் எடுக்காத பார்சலையெல்லாம் சுங்கத்துல ஏலம் விட்டாங்க. நம்ம மிஷினை நான்தான் எடுத்தேன். அடியில கழட்டிப் பாத்தேன், நீங்க கீறின தேதி இருக்கு. ஏலச் சீட்டுல என்ன போட்டிருக்காங்க தெரியுமா? 'பழைய தையல் மிஷின்'. பட்டன் வேலையை நேத்தோட விட்டுட்டேன். கிடங்குல உரசி பெயிண்ட்தான் பாதி போயிடுச்சு. இப்பப் பாத்தா யாருமே புதுசுன்னு சொல்ல மாட்டாங்க."