எடுக்க மறுத்த இணைப்புகள்

எங்கள் பல்கலைக்கழகத்தின் இணையப் பாடப் பக்கத்தில், நான் நடத்தும் பாடத்துக்கு ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணைப்புகளைக் கொடுத்திருந்தேன். முதல் வாரமே அருமனையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி வந்து நின்றாள். “மிஸ், இங்க லேப்ல தொறக்குது. வீட்டுல போய்ப் பாத்தா பைசா கட்டச் சொல்லுது.”

துறைத் தலைவரிடம் சொன்னேன். “எல்லாத்தையும் எடுத்துருங்க மேடம். நம்ம பிள்ளைகளுக்கு நோட்ஸ் போராதா? இங்கிலீஷ் கட்டுரைய எவன் படிக்கப்போறான்?”

எனக்குச் சுருக்கென்றது. நானும் நோட்ஸை மனப்பாடம் செய்தே தேறியவள். “எடுக்க மாட்டேன் சார்” என்றேன்.

நேராக நூலகத்துக்குப் போனேன். பல்கலைக்கழகம் சந்தா கட்டும் இதழ்கள்தாம் அவை. நான் கொடுத்திருந்த முகவரிகள் வளாகத்துக்குள் மட்டுமே திறக்கும். நூலகத்தின் நுழைவு முகவரியை ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் சேர்த்தால், மாணவர்கள் தங்கள் கடவுச்சொல்லைப் போட்டு வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றார் நூலகர். அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

மறுநாள் அந்த மாணவி வகுப்பு வாசலிலேயே என்னை மறித்தாள். “தொறந்துட்டு மிஸ்! ஆனா அந்தக் கட்டுரையில சொல்லியிருக்கதுல பாதிய என்னால ஒத்துக்க முடியல.”

அவளுடைய மறுப்பிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன். அடுத்த பருவத்தில் இணைப்புகளை இன்னும் கூட்டினேன். துறைத் தலைவரிடம் கேட்கவில்லை.