ஆறாம் மாடிக்கு வந்த சகலை

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எழுபத்திரண்டு வீடுகள். எந்த வீட்டுக் குழாய் எந்தச் சுவருக்குள் எப்படி வளைந்து போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் மேனேஜர்தான். பதினோரு வருடமாக, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஜன்னலில்லாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு அத்தனை பேரையும் கட்டி மேய்த்தார். லிஃப்ட் நின்றாலும் அவர்தான், தண்ணீர் வராவிட்டாலும் அவர்தான், மேல்வீட்டு நாய் குரைத்தாலும் அவர்தான். அவர் குடியிருந்தது இரண்டு தெரு தள்ளி, ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட வாடகை வீட்டில். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, சகலை ஆறாம் மாடியில் வீடு வாங்கும்வரை.

சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன். கல்யாணமான புதிதில் வேலை வெட்டி இல்லாமல் திரிந்தவரை, தெரிந்தவரின் டைல்ஸ் கடையில் சொல்லிச் சேர்த்துவிட்டதே மேனேஜர்தான். அங்கே பெட்டி சுமக்கப் போனவருக்கு இப்போது சொந்தமாக இரண்டு கடை. வீடு பார்க்க வந்த அன்று மேனேஜரே சாவிக்கொத்தோடு கூடப் போய் ஒவ்வோர் அறையாகத் திறந்து காட்டினார்.

“நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் இங்க வாங்கறேன், அண்ணே,” என்றார் சகலை.

மனசாரத்தான் சொன்னார். மேனேஜருக்குப் பொறுக்காததும் அதுதான். கொஞ்சம் மண்டைக்கனம் காட்டியிருந்தாலாவது வீட்டுக்குப் போய்த் திட்டித் தீர்த்திருக்கலாம்.

அவர்கள் குடிவந்த பிறகு மேனேஜரின் மனைவி மத்தியான நேரங்களில் தங்கை வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தாள். அந்த வீடு மாதிரி நமக்கு இல்லையே என்று ஒரு நாளும் வாய் திறந்தவளில்லை. ஒருநாள் மட்டும், அங்கே காற்று நன்றாக வருகிறது, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன் என்றாள். அந்தக் காற்று மேனேஜரின் வயிற்றில் போய் அடைத்துக்கொண்டது. இருபது வருடத்தில் தன் வீட்டில் அவள் பகலில் கண்ணயர்ந்து அவர் பார்த்ததே இல்லை.

அடுத்த அடி குடியிருப்போர் கூட்டத்தில் விழுந்தது. வாசல் படிக்கட்டுப் பக்கமாக ஒரு சாய்தளம் போட்டால் வயதானவர்களுக்கு வசதியாக இருக்கும் என்று சகலை சொன்னார். எப்பேர்ப்பட்ட யோசனை என்று எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அதையே மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி மேனேஜரின் தொண்டைத் தண்ணீர் வற்றியிருந்தது. அப்போதெல்லாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தலையாட்டியவர்கள்தான் இப்போது கை தட்டினார்கள். அதே சூட்டில் சகலையைச் செயலாளராகவும் ஆக்கினார்கள். மறுநாள் காலை மேனேஜர் தன் அறைக்குள் நுழைந்தபோது, வருகைப் பதிவேட்டைப் பார்க்க வந்திருந்த சகலை மரியாதையாக எழுந்து, “உக்காருங்க, அண்ணே,” என்று நாற்காலியைக் காட்டினார். தன் அறையில் தன்னையே உட்காரச் சொல்ல ஓர் ஆள். மேனேஜர் அன்று முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். மச்சினிச்சி கீழே இறங்கி வந்தாள்.

“மாமா, குளிக்கிற ரூம் சுவர்ல ஈரம் தெரியுது. ஆளைக் கொஞ்சம் அனுப்புறீங்களா?”

வேறு வீடாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் பிளம்பர் போயிருப்பார். மேனேஜர் புகார் நோட்டைத் தள்ளி எழுதிவிட்டுப் போகச் சொன்னார். சொந்தக்காரர்களுக்கு முதலில் செய்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். நான்கு நாள் கழித்து அவள் மறுபடி வந்து எழுதினாள். பிறகு மூன்றாவது முறையும் எழுதினாள். பிளம்பரே ஒருநாள், ஆறாம் மாடிக்குப் போகட்டுமா என்று கேட்டார். அவரை மோட்டார் அறை வால்வுக்கு கிரீஸ் போட அனுப்பினார் மேனேஜர். அவர்களும் கொஞ்சம் காத்துக் கிடக்கட்டுமே என்று நினைத்தபோது நாக்கில் ஒரு தித்திப்பு ஊறியது நிஜம்.

பதினோராவது நாள் முற்பகலில் சுவருக்குள் குழாய் இணைப்பு விட்டுப்போய்த் தண்ணீர் பீறிட்டது. ஆறாம் மாடி வீட்டில் ஆளில்லை. தண்ணீர் தரைவழியே கீழே இறங்கி, ஐந்தாம் மாடித் தையல்காரம்மா வீட்டு மேற்கூரைப் பூச்சை ஊறவைத்துப் பெயர்த்து, நேராகத் தையல் மெஷின் மேல் போட்டது. அந்தம்மா தனியாக இருப்பவர். அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய, மணி கோத்துத் தைத்த கல்யாண உடுப்பு ஒன்று மேசையில் விரித்துக் கிடந்தது. வெள்ளைத் துணி முழுக்கச் சுண்ணாம்பும் துருவும். மேனேஜர் ஓடிப் போய் வால்வை அடைத்துவிட்டு உள்ளே வந்தபோது, அந்தம்மா ஈரத்துணியை மடியில் வைத்து மணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் மேனேஜரைக் கூப்பிடும்போதெல்லாம் ‘ஐயா’ சேர்க்கிற ஒரே ஆள் அந்தம்மாதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவசரக் கூட்டம். எட்டாம் மாடி வக்கீல் எடுத்த எடுப்பிலேயே, யார் பொறுப்பு என்று கேட்டார். சகலை எழுந்தார். அவர் கக்கத்தில் புகார் நோட்டு இருந்தது. எல்லாம் முடிந்தது என்று மேனேஜர் நினைத்தார். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இனி இந்த ஆளை மனசாரப் பகைக்கலாம்.

சகலை நோட்டைத் திறக்கவே இல்லை. “தப்பு எங்க மேலதான். ஈரம் இருந்தது தெரியும், மேனேஜர்கிட்ட சொல்ல விட்டுப்போச்சு. மெஷினும் துணியும் என் பொறுப்பு,” என்றார்.

இப்படி ஒரு மனுஷனா என்று கூட்டம் உருகிப்போனது. பின்வரிசையில் இருந்த மச்சினிச்சி மட்டும் மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் அவரைப் படிக்கட்டில் மடக்கினார்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் கேட்டேனா?”

சகலை முதல் தடவையாக அண்ணே போடாமல் பேசினார். “உங்களுக்காகச் சொல்லல. அந்த நோட்டைக் கூட்டத்துல படிச்சா, உங்க வீட்டு அக்கா நாளைக்கு இந்த வாசப்படி ஏறி வருவாங்களா? அதுக்காகச் சொன்னேன்.”

செய்த தப்பைக்கூட இந்த ஆள் தன்னிடம் விட்டுவைக்கவில்லையே என்று மேனேஜருக்கு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் ஐந்தாம் மாடிக்கு ஏறினார். தையல்காரம்மாவிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வாசலிலேயே நின்று, மூன்று தடவை புகார் வந்தது, நான்தான் வேண்டுமென்றே ஆள் அனுப்பவில்லை என்றார்.

அந்தம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும். உங்க வீட்டம்மா வந்து சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா எங்கூட உக்காந்து கறை எடுத்துக் கொடுத்ததும் அவங்கதான்.” இந்த முறை ஐயா இல்லை.

அந்த வாரமே மேனேஜர் ராஜினாமா எழுதினார். பதினோரு வருட நல்ல சேவை என்று இரண்டு வரி சேர்த்துச் செயலாளர் கையெழுத்துப் போட்டார். மனைவி ஏன் என்றும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்போது அவர் ஒரு காய்கறிச் சந்தையின் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறார். குழாய் இல்லை, லிஃப்ட் இல்லை, மாடியும் இல்லை. உடம்புக்கு ஓய்வுதான்.

மனைவி இன்னமும் தங்கை வீட்டுக்குப் போகிறாள். போன வாரம் அவள் திரும்பியதும், புது மேனேஜர் எப்படி என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

“நல்ல மனுஷன்,” என்றாள் அவள், தட்டில் சோறு போட்டபடி. “யாரு கூப்பிட்டாலும் உடனே ஆளை அனுப்பிடறாராம்.”

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.